சுங்கை சிப்புட் பத்தர் கடை: பழைய வெள்ளிக் கரண்டியைப் பழுதுபார்க்க நம்பிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் தைப்பூசத்துக்கு முந்தின ஒரு மாதம் போகாதீர்கள். அவசரம் என்று சொல்லிக்கொண்டும் போகாதீர்கள். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி ஏன் கொடுக்கலாம் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குக் கரண்டியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுபவர். அறுபதுகளில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போக, ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் வேலையும் வீடும் போய் நின்றார்கள். அதைத் தடுக்கத்தான் எங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அந்தக் காலத்தில்தான் எங்கள் துரையும் கப்பலேறினார். பங்களா வராந்தாவில் சாமான்களைப் பரப்பி விற்றார்கள். நாற்காலி, மேசை, கிராமபோன் எல்லாம் பெரிய கைகளுக்குப் போய்விட்டன. அப்பா கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு கட்டுக் கரண்டியைப் பன்னிரண்டு வெள்ளி கொடுத்து வாங்கிவந்தார். மலேசியாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பேச்சில் வெள்ளி என்றால் ரிங்கிட்தான். அன்றைக்குப் பன்னிரண்டு வெள்ளி சின்னக் காசில்லை. அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

எட்டுக் கரண்டிகள். சூப் குடிக்கிற பெரிய கரண்டிகள், ஒவ்வொன்றும் என் முழங்கையில் பாதிக்கு மேல் நீளம். அப்பா அவற்றை ஒரு துணியில் சுற்றி, மேலே ரப்பர் பேண்டு போட்டு, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். யாரும் அதில் சாப்பிட்டதில்லை. அவர் காலமான பிறகு நான் பெட்டியைத் திறந்தபோது துணி மக்கிப்போய், ரப்பர் பேண்டு உருகி, கரண்டிகளின் கழுத்தில் கருப்புக் கோடாக ஒட்டியிருந்தது. ரப்பரை இறுக்குவதற்குக் கந்தகம் சேர்ப்பார்கள், அந்தக் கந்தகம் வெள்ளியைத் தின்னும். ஆயுள் முழுக்க ரப்பர் கணக்கு எழுதிய மனிதர், ரப்பரை நம்பித்தான் கட்டிவைத்திருந்தார்.

கருப்பைத் துடைத்தபோதுதான் சில கரண்டிகளில் கைப்பிடியின் பின்பக்கத்தில் எழுத்துகள் தெரிந்தன. ஆங்கிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சொல், பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துகள். அவ்வளவுதான். இங்கிலாந்து வெள்ளியில் குத்தியிருக்கும் சிங்கமும் இல்லை, கிரீடமும் இல்லை. ரொம்ப நாள் அது ஏதோ ஒரு கம்பெனிப் பெயர் என்றே நினைத்திருந்தேன். பிறகு படிக்கப் படிக்க விஷயம் விளங்கியது. இவை அயர்லாந்துத் தீவின் தெற்கே, கார்க் என்ற துறைமுக நகரத்துப் பட்டறைகளில் செய்தவை.

இந்த எழுத்துகள் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடையைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் இதை வைத்துத்தான். 1637இல் முதலாம் சார்லஸ் மன்னர் டப்ளின் பொற்கொல்லர் சங்கத்துக்குப் பட்டயம் கொடுத்தார். அன்றிலிருந்து அயர்லாந்தில் செய்யும் வெள்ளியை டப்ளினில் மாற்றுப் பார்த்து, கிரீடம் வைத்த யாழ் முத்திரை குத்த வேண்டும் என்பது ஏற்பாடு. 1730இலிருந்து வரி கட்டியதற்கு அடையாளமாக ஹைபெர்னியா என்ற பெண்ணுருவமும் சேர்ந்தது. கார்க்கிலிருந்து டப்ளின் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நம் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் போவதைவிடக் கொஞ்சம் கூட. அன்றைய சாலையில், குதிரை வண்டியில், வழிப்பறிக்குப் பயந்துகொண்டு ஒரு மூட்டை வெள்ளிச் சாமானை அனுப்பி, முத்திரை குத்தித் திரும்ப வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்? அதனால் கார்க் பட்டறைக்காரர்கள் தாங்களே ஸ்டெர்லிங் என்று குத்தி, பக்கத்தில் தங்கள் பெயரெழுத்தையும் குத்திவிட்டார்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, அதற்கு நான் பொறுப்பு என்பதுதான் அதன் அர்த்தம். லிமெரிக் நகரத்திலும் இதே கதை. பிரான்சுக்கு அருகில் உள்ள ஜெர்சி, கெர்ன்சி தீவுகளில் முத்திரை அலுவலகமே கிடையாது, அங்கும் செய்தவர் முத்திரைதான் சாட்சி.

செய்த ஆண்டைக் காட்டும் எழுத்து இருக்காது, ஊர்ச் சின்னம் இருக்காது. அந்த இரண்டு மூன்று எழுத்து தேய்ந்துபோனால் கரண்டி யார் பிள்ளை என்று சொல்ல உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

இது தெரியாத ஒரு கடையில் கொடுத்துத்தான் நான் ஒரு கரண்டியை இழந்தேன். பெரிய ஊரில், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள கடை. பெயர் வேண்டாம். கழுத்தில் விழுந்த கருப்புக் கோட்டை எடுத்துத் தாருங்கள் என்று கொடுத்தேன். அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். எவர்சில்வர் மாதிரி மின்னியது. அந்தக் கரண்டியின் கைப்பிடியில் சின்னச் சின்ன வெட்டுகளாக ஒரு வேலைப்பாடு இருந்தது. கூர்மையாக மெருகேற்றிய உளியால் சரிவாக வெட்டுவார்கள், ஒவ்வொரு வெட்டும் ஒரு குட்டிக் கண்ணாடியாக வெளிச்சத்தைத் திருப்பும். மோட்டார் சக்கரத்தில் வைத்துத் தேய்த்ததில் அத்தனையும் மழுங்கி, மழையில் கரைந்த கோலம் மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கம் திருப்பினேன். ஸ்டெர்லிங்கில் பாதி இருந்தது. பெயரெழுத்து இருந்த இடத்தில் ஒரு பள்ளம். கடை வாசலில் நின்று அழுதேன். அதற்கு இருபத்தைந்து வெள்ளி வேறு வாங்கினார்கள்.

அதன் பிறகு ஆறு வருடம் நான் எதையும் எவரிடமும் கொடுக்கவில்லை. இதற்கிடையில் ஈப்போ ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தையில் இன்னும் மூன்று கரண்டிகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்றுக்குக் கழுத்தில் விரிசல், ஒன்றுக்கு வாயில் ஒடுக்கு. என்னோடு பள்ளியில் வேலை பார்த்த ஒரு டீச்சர்தான் சொன்னார், நம் ஊரிலேயே பத்தர் இருக்கும்போது நீங்கள் ஏன் ஊரெல்லாம் அலைகிறீர்கள் என்று.

கடை பழைய கடைவீதியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பக்கம் சீனர் சைக்கிள் கடை, இன்னொரு பக்கம் பூட்டிய கடை. நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குக் கதவு. உள்ளே நுழைந்தால் உமி வாசனையும் புளி வாசனையும் சேர்ந்து வரும். சுவரில் முருகன் படம், கீழே அலகு, சின்ன வேல், குழந்தைகளுக்கான அரைஞாண். பத்தருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவருடைய தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர், மூன்று தலைமுறையாக இந்த வட்டாரத் தோட்டங்களுக்குத் தாலி செய்த குடும்பம்.

நான் பதினொரு கரண்டிகளையும் கொண்டுபோயிருந்தேன். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? ஒன்றையும் துடைக்கவில்லை. உரைகல்லை எடுக்கவில்லை. ஒவ்வொரு கரண்டியையும் விரல் நுனியில் நிறுத்தி, இன்னொரு கரண்டியால் மெல்லத் தட்டிக் காது கொடுத்தார். மூன்றைத் தனியே தள்ளி வைத்தார்.

“இது மூணும் பூச்சு, டீச்சர். உள்ள வேற உலோகம்.”

அப்பா வாங்கிய எட்டில் மூன்று முலாம். மின்முலாம் பூசும் முறைக்கு இங்கிலாந்தில் எல்கிங்டன் 1840இல் காப்புரிமை வாங்கிய பிறகு பங்களா மேசைகளில் பெரும்பாலும் அந்தச் சாமான்தான். பின்னால் சிங்கம் மாதிரியே ஏமாற்றும் குட்டி முத்திரைகள் வரிசையாக இருக்கும். எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது. ஆனால் ஒரு கடைக்காரர் முதல் ஐந்து நிமிடத்தில் உண்மையைச் சொல்கிறார் என்றால் மீதியையும் அவரிடம் கொடுக்கலாம்.

அப்புறம் அவர் செய்ததை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். விரிசல் விட்ட கரண்டியை வாயருகே கொண்டுபோய், கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவோமே, அப்படி ஹா என்று ஊதினார். வெள்ளியின் மேல் ஆவி படிந்தது. ஒரு நொடி, ஒன்றரை நொடி. அந்த நேரத்துக்குள் கழுத்தைச் சுற்றி ஒழுங்கில்லாத ஒரு கறை தெரிந்து மறைந்தது. என்னையும் பார்க்கச் சொல்லி இன்னொரு தரம் ஊதினார். யாரோ முன்பே ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். கைப்பிடி நுனியில் ஊதினால் அங்கே இன்னொரு உருவம், சுழித்த ஓர் எழுத்தின் நிழல். முதல் சொந்தக்காரரின் எழுத்தைப் பின்னால் வந்தவர் சுரண்டியிருக்கிறார். ஐந்து வருடமாக என் கையில் இருக்கிற கரண்டி. நான் அதைப் பார்த்ததே இல்லை.

ஈயம்தான் பெரிய தொல்லை என்றார். ஈயம் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது வெள்ளியைக் காய்ச்சினால் அது உள்ளே இறங்கி வெள்ளியை அரித்துக் குழி குழியாக்கிவிடும். அதனால் நெருப்புக் காட்டுவதற்கு முன் அவ்வளவையும் கையால் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கே இரண்டு நாள் ஆகும், பற்றவைக்க அரை மணி போதும். நான் மூன்றாம் நாள் போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். பார்க்கலாமா என்று கேட்டதற்கு முக்காலியை நகர்த்திப் போட்டார்.

வெங்காரத்தைத் தண்ணீர் விட்டு உரசி, கோழி இறகால் விரிசலில் தடவினார். பொடியை, அதாவது பற்றவைக்கிற உலோகத்தை, அரிசிக் குருணை அளவுக்கு நறுக்கிச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பொடி வைத்து ஊதுவது என்று பேச்சில் எத்தனை தரம் சொல்லியிருப்போம், அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஊதுவதற்கு முன் ஓர் உருளைக்கிழங்கை எடுத்து, கரண்டியின் கைப்பிடியை முத்திரை மறையும்வரை அதற்குள் செருகினார். உலோகங்களிலேயே சூட்டை வேகமாகக் கடத்துவது வெள்ளிதான், கழுத்தில் காட்டும் நெருப்பு நொடியில் நுனிவரை ஓடிவிடும். கிழங்கில் உள்ள ஈரம் அந்தச் சூட்டைக் குடித்துக்கொள்ளும். நெருப்புப் பட்டதும் வெங்காரம் முதலில் பொங்கியது, பிறகு கண்ணாடி மாதிரி அடங்கியது. பொடி சட்டென்று நீராகி விரிசலுக்குள் ஓடி மறைந்தது. ஊதுகுழல் அந்தக் கணமே விலகிவிட்டது. கிழங்கிலிருந்து சாம்பாருக்கு வேகவைத்த மாதிரி ஒரு வாசம்.

படிகாரத் தண்ணீரில் போட்டு எடுத்து, பூந்திக்கொட்டை நுரையில் கழுவி, மெருகுக்கல்லால் பற்றின இடத்தை மட்டும் அழுத்தித் தேய்த்தார். ஓர் ஓரத்தில் லேசான ஊதா நிழல் இருந்தது. ஸ்டெர்லிங்கில் ஏழரை விழுக்காடு செம்பு, காய்ச்சும்போது அந்தச் செம்பு தோலுக்கு அடியில் கருத்துவிடுகிறது. சக்கரத்தில் வைத்தால் போகும், கூடவே தோலும் போகும். விட்டுவிடட்டுமா என்று கேட்டார். விட்டுவிடச் சொன்னேன். இன்னும் இருக்கிறது, தேடினால்தான் தெரியும்.

ஒடுக்கு விழுந்த கரண்டி சுலபம். மர அச்சில் கவிழ்த்து, கொம்புச் சுத்தியால் தட்டித் தட்டி, கடைசியில் கட்டைவிரலாலேயே நிமிர்த்திவிட்டார்.

ஆனால் நான் கேட்டதில் ஒன்றைச் செய்ய மறுத்துவிட்டார். என் கரண்டிகளில் மிகப் பழையதற்கு வாய் நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். வலது கையால் பிடித்துத் தட்டைச் சுரண்டிச் சுரண்டி, இடது ஓரம் சரிந்துவிட்டது. அரம் போட்டு இரு பக்கமும் சமமாக்கித் தாருங்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்றேன். கரண்டியை வாங்கி, சாப்பிடுகிற மாதிரி கையில் பிடித்துப் பார்த்தார். அந்தச் சரிவு அவர் கை போன வாக்கிலேயே தட்டில் படிந்தது.

“இருநூறு வருசம் எவ்வளவோ பேரு சாப்பிட்டுத் தேச்சது, டீச்சர். அத நான் வெட்டிப் போட மாட்டேன். வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க.”

பிறகு தெரிந்துகொண்டேன், இந்தத் துறையில் முறையாகச் சேகரிப்பவர்கள் நுனி வெட்டிய கரண்டியைத் தொடுவதே இல்லை. நீளம் குறையும், எடை குறையும், வாய் வடிவம் மாறிவிடும். பத்தர் கார்க் என்ற ஊரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. எதைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இந்தக் கடைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பது அதற்காகத்தான்.

முத்திரைகளைப் படிக்கவும் அவர்தான் வழிகாட்டினார். எண்ணெய்த் துணியால் எழுத்தைத் துடைத்தால் அழுக்கும் போய்விடும், அடையாளமும் தெரியாது. அந்தப் பள்ளத்தில் நின்றிருக்கும் கருப்பே எழுத்துக்கு மை. விளக்கை நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார். அப்படிப் பார்த்தபோதுதான் அப்பா வாங்கிய கரண்டிகளில் ஒன்றில் ஒருவர் பெயரெழுத்து மட்டும் இல்லை, இரண்டு பேர் பெயரெழுத்துகள் மேலும் கீழுமாக இருப்பது தெரிந்தது. கார்டன் டெரி, அவர் மகள் ஜேன் வில்லியம்ஸ். 1800களின் தொடக்கத்தில் கார்க்கில் அப்பாவும் மகளும் சேர்ந்து நடத்திய பட்டறை, சேகரிப்பவர்கள் நன்றாக அறிந்த பெயர்கள். நான் இதைப் பத்தரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மனைவியிடம் காட்டினார். இருவரும் சன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பா வராந்தாவில் வாங்கிய கரண்டியில் ஒரு மகளின் பெயர் இருந்திருக்கிறது, அது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. அன்றைக்கு எனக்கு அந்த நினைப்புதான்.

சரி, கணக்குக்கு வருகிறேன். விரிசலுக்கு நூற்று இருபது வெள்ளி, ஒடுக்குக்கு நாற்பது. ரப்பர் பேண்டுக் கோடுகளை மெல்லிய சுண்ணப் பொடியும் விரலும் வைத்து அவரே எடுத்துக்கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. முழுதாகப் போகவில்லை, கந்தகம் வெள்ளியை அரித்த இடம் கோடாகத்தான் நிற்கும். அதையும் முதலிலேயே சொல்லியிருந்தார்.

குறையும் சொல்ல வேண்டும். ரசீது கிடையாது. நோட்டில் உங்கள் பெயரை எழுதி, எடை போட்டு, அதைத் துணிப்பையில் முடிந்து வைப்பார். என் பதினொன்றும் கிராம் பிசகாமல் திரும்பி வந்தன. ஆனால் தாள் இல்லாமல் கொடுக்கத் தயங்குகிறவர்களுக்கு இது கஷ்டம்தான். நீங்களே வீட்டில் எடை போட்டு, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். சொன்ன நாளுக்குத் தருவதில்லை. எனக்கு ஒரு வாரம் என்றார், பத்தொன்பது நாள் ஆனது. விலைமதிப்பு கேட்டுப் போகாதீர்கள். வெள்ளி எடைக்கு என்ன பெறும் என்பதைச் சொல்வார், பழம்பொருளாக என்ன பெறும் என்பது தன் வேலையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். நாற்காலி ஒன்றுதான், முதியவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். தைப்பூச மாதத்தில் அலகும் பால்குடமுமாகத் தலை நிமிர நேரமிருக்காது, அப்போது கரண்டியை நீட்டினால் நமக்கும் வருத்தம் அவருக்கும் வருத்தம்.

வீட்டில் எப்படி வைப்பது என்றும் கேட்டு வந்தேன். சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். இணையத்தில் எல்லாரும் சொல்கிற அலுமினியத் தாள், சமையல் சோடா வேண்டாம், அது வேலைப்பாட்டுப் பள்ளத்தில் உள்ள கருப்பையும் சேர்த்து உரித்துவிடும். முட்டை சாப்பிட்டால் உடனே கழுவ வேண்டும், முட்டையிலும் கந்தகம். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பெட்டிக்குள் ஒரு சுண்ணக்கட்டி போட்டு வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இருபத்தெட்டு வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான், சுண்ணக்கட்டிக்கு என் வீட்டில் குறைவில்லை.

இப்போது எட்டு வெள்ளிக் கரண்டிகளும் தனித்தனிப் பருத்தி உறையில் இருக்கின்றன. தைத்துக் கொடுத்தது பத்தர் மனைவிதான், உறைக்கு இரண்டு வெள்ளி. ரப்பர் பேண்டுக்குப் பதில் நாடா வைத்துத் தைத்திருக்கிறார். கடை காலை பத்து மணிக்குத் திறக்கும், மதியம் ஒன்றுக்குச் சாத்துவார்கள், மறுபடி நான்கு மணிக்கு. செவ்வாய்க்கிழமை கிடையாது.